ஐந்தாம் வகுப்புப் பாறை

ஜவ்வாது மலையின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும் அறிக்கை ஒன்றை, என் ஜாதகத்தைவிட அதிகமாகப் புரட்டியிருக்கிறேன். நல்ல தடித்த அறிக்கை. சாரத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: பாறை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், ஆனால் நாங்கள் சொன்னோம் என்று நம்பிவிடாதீர்கள். துளை போட்டுப் பார்த்தது மலையின் இரண்டு அடிவாரத்திலும் மட்டும்தான். நடுவில் அடர்ந்த காடு. அங்கே இயந்திரம் ஏற வழியும் இல்லை, வழி கிடைக்கும்வரை காத்திருக்க யாருக்கும் பொறுமையும் இல்லை. ஆகவே அறிக்கை எழுதிய புண்ணியவான் நடுமலையை ஏசி அறையில் உட்கார்ந்து ஊகித்து, படத்தில் கலர் தீட்டிக் கொடுத்திருந்தார். ரோஸ் கலர் என்றால் நல்ல பாறை. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மலை முழுக்க ரோஸாக இருந்தது.

அந்த ரோஸ் மலையைக் குடைந்து, மேலே உள்ள ஊர்களுக்கு பஸ் போக ஒரு சுரங்கப் பாதை போடுவதற்கு ஒப்பந்தம் எடுத்த கம்பெனியில்தான் எனக்கு வேலை. நான் பாறை உடைப்பவள் இல்லை. உடைத்த பாறைக்கு எந்தப் பிரிவின்படி எவ்வளவு கேட்கலாம் என்று பார்ப்பவள். கான்ட்ராக்ட் மேனேஜர் என்று கார்டில் போட்டிருக்கும். ஆரணிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, படித்து, ஊர் ஊராக வேலை பார்த்துவிட்டு, கடைசியில் சந்தவாசல் பக்கத்து அடிவாரத்தில் தகரக் கொட்டகை ஆபீஸில் வந்து விழுந்தேன். கோபக்காரி என்று சைட் முழுக்கப் பெயர். பொய் என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு உண்டு. அனுபவமுள்ள ஒப்பந்ததாரர் எதிர்பார்த்திருக்கவே முடியாத பாறை குறுக்கிட்டால் கூடுதல் காலமும் தொகையும் தரப்படும் என்று அது சொல்லும். கேட்க எவ்வளவு இனிப்பாக இருக்கிறது! அந்தப் பாறை அறிக்கையில் இருந்தால், வேலை கொடுத்த அரசுத் துறையினர் "அதான் முன்னாலயே சொல்லிட்டோமே" என்பார்கள். அறிக்கையில் இல்லாவிட்டால், "உங்களுக்கு அனுபவம் இல்லையா?" என்பார்கள். இத்தனை வருஷ சர்வீஸில் எதிர்பார்க்க முடியாத பாறை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. எல்லாப் பாறையும் எதிர்பார்த்ததாகவே கடிதம் வந்துவிடும்.

அடுத்தது பாறையின் வகுப்பு. பாறையை ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரித்திருந்தார்கள். ஒன்று என்றால் இரும்பாட்டம் பாறை, அதை அப்படியே விட்டுவிட்டு முன்னே போகலாம். ஐந்து என்றால் தொட்டால் கொட்டும். அதற்கு நெருக்க நெருக்கமாக இரும்பு வளைவுகளை நிறுத்தி, மேலே கான்கிரீட்டைப் பீய்ச்சி அடித்து, அங்குலம் அங்குலமாகப் போக வேண்டும். செலவு ஏறும், அதனால் ஐந்துக்கு ரேட்டும் அதிகம். வெடி வைத்துக் குடையும் முனையை நாங்கள் ஃபேஸ் என்போம். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு, எங்கள் ஜியாலஜிஸ்ட்டும் அரசுத் துறையின் பொறியாளரும் ஃபேஸுக்கு நேரில் போய்ப் பார்த்து, என்ன வகுப்பு என்று முடிவு செய்து, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். விதி அதுதான்.

நடந்தது வேறு. மோசமான பாறை வந்தால் எங்களுக்கு ஆதாயம், நல்ல பாறை வந்தால் துறைக்கு ஆதாயம். ஆகவே எங்கள் ஜியாலஜிஸ்ட், பாறை எப்படி இருந்தாலும் நாலு என்பார். ஹெட் ஆபீஸ் உத்தரவு அப்படி. துறைப் பொறியாளர், பாறை எப்படி இருந்தாலும் ரெண்டு என்பார். அவருக்கு அவர் ஆபீஸ் உத்தரவு. கொஞ்ச நாள் இருவரும் உள்ளே போய் ஃபேஸின் முன் நின்று சண்டை போட்டார்கள். அப்புறம், சண்டைக்கு எதற்கு அவ்வளவு தூரம் சேற்றில் நடக்க வேண்டும் என்று தோன்றியிருக்கும். போனில் எடுத்த போட்டோவை ஆபீஸுக்குக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துப் பேச ஆரம்பித்தார்கள். நாலு என்பார் இவர், ரெண்டு என்பார் அவர். டீ வரும். டீ ஆறுவதற்குள் மூணு என்று முடியும். சந்தையில் பலாப்பழத்துக்குப் பேரம் பேசுகிறவர்கள்கூட பழத்தைத் தட்டிப் பார்ப்பார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த ஏற்பாட்டில் எல்லாருக்கும் நிம்மதி. சில நாள் எங்களுக்கு லாபம், சில நாள் அவர்களுக்கு. கோடிக்கணக்கான வருஷமாக உருவான மலை, எங்கள் டீ நேரத்துக்குக் கட்டுப்பட்டு, தொடர்ந்து மூன்றாம் வகுப்பாகவே வந்துகொண்டிருந்தது.

துறைப் பொறியாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். போளூர்க்காரர். கை சுத்தமான மனிதர், எங்கள் கேன்டீன் டீக்குக்கூடக் காசு கொடுத்துவிடுவார். ஓய்வுபெற அவருக்கு ஒரு வருஷத்துக்கும் குறைவாகவே இருந்தது. அவர் வாயைத் திறந்தாலே அந்தப் பேச்சுதான். இந்த சர்க்கார் உத்தியோகத்தில் ஒரு கொடுமை உண்டு. ஏதாவது குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தால் கடைசி நாளன்று, ஓய்வுபெற அனுமதி இல்லை என்று ஓர் ஆணையைக் கையில் கொடுப்பார்கள். வேலையும் இல்லாமல், ஓய்வும் இல்லாமல், நடுவில் தொங்க வேண்டியதுதான். அவருடைய நண்பர் ஒருவருக்கு அப்படி ஆகி, விசாரணை முடிவதற்குள் அந்த மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டாராம்.

"மூணு வரைக்கும் எவனும் ஏன்னு கேக்க மாட்டான்மா. மூணுக்கு மேல ஒன்னு போட்டாலும் ஆடிட்காரன் வந்து குந்திக்குவான். எனக்கு மெடலும் வேணாம் ஒன்னும் வேணாம். ஒரு பேப்பர் இல்லாம வூட்டுக்குப் போய்ட்டா போதும்" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பரிதாபமும் எரிச்சலும் சேர்ந்தே வரும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் காலை, ஃபோர்மேன் எனக்குப் போன் செய்தார். புதூர்நாட்டுக்காரர். சுரங்கத்துக்குள் இறங்கும் ஆட்களில் பாதிப் பேர் அவருடைய ஊரும் உறவும்தான்.

"மேடம், நம்ம சின்னவர உள்ள அனுப்புங்க. பாறையக் காணோம்."

"இன்னாது, பாறையக் காணோமா?"

"ஆமாங்க. கேவுரு களி மாரி கீது. ட்ரில்லு வுட்டா தானா உள்ள போவுது, தண்ணி பீச்சுது. நான் ஆளுங்கள எல்லாம் பின்னால இஸ்துக்கினேன்."

சின்னவர் என்றால் எங்கள் ஜியாலஜிஸ்ட். போனவர் திரும்பி வரும்போது முகம் வெளிறியிருந்தது, முட்டிவரை சேறு. அறிக்கையில் ரோஸ் அடித்திருந்த இடத்தின் நட்டநடுவில், மலை நொறுங்கிக் களிமண்ணாகிக் கிடந்தது. துறைப் பொறியாளர் அப்போதுதான் வந்து உட்கார்ந்து டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"சார், அஞ்சு" என்றார் ஜியாலஜிஸ்ட், போனை நீட்டி.

பொறியாளர் போட்டோவைப் பார்த்தார். "நேத்து வரைக்கும் நாலு. இன்னிக்கு வெல ஏத்திட்டீங்களா? சரி சரி, எழுதுங்க. மூணு."

"சார், இது நெஜமாவே அஞ்சு சார்!"

"அப்போ இத்தினி நாளா சொன்னதெல்லாம்?"

எங்கள் தரப்பில் முதன்முறையாக ஒரு உண்மை பேசப்பட்டிருக்கிறது, அதையும் பேரம் என்றே எடுத்துக்கொள்ளும்படி அந்த மனிதரைப் பழக்கி வைத்திருக்கிறோம்!

மூணு என்று எழுதினால் என்ன ஆகும் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். மூணுக்கு உரிய இரும்புதான் ஸ்டோரிலிருந்து வரும். அதைத் தள்ளித் தள்ளி நிறுத்திவிட்டு, ஃபோர்மேனின் ஆட்கள் அந்தக் களிக்கூரைக்குக் கீழே போய் நிற்க வேண்டும். அஞ்சு என்று எழுதினால் பொறியாளரின் கடைசி வருஷம் ஆடிட் வாயில் விழும். ஜியாலஜிஸ்ட் கையைப் பிசைந்தார். பொறியாளர் பேனாவைத் திறந்தார். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

"நாற்காலிய எடுங்கப்பா!" என்று ஒரு கத்துக் கத்தினேன்.

கேன்டீன்காரர் ஓடிவந்தார். "பிளாஸ்டிக் சேரு, இந்த டீப்பாயி, பிளாஸ்க்கு, டம்ளரு, எல்லாத்தையும் ஜீப்புல ஏத்துங்க. மீட்டிங்கு இன்னிக்கு ஃபேஸ்ல" என்றேன்.

"இன்னாம்மா இது கூத்து?" என்றார் பொறியாளர்.

"கூத்து இல்ல சார், ரூலு. நேர்ல பாத்து முடிவு பண்ணணும்னு அக்ரிமென்ட்ல போட்டிருக்கு. நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க, நாங்களும் போட்டிருக்கோம். மூணாம் வகுப்புப் பாறைதானே? பயப்பட இன்னா இருக்கு? அதுக்குக் கீழயே குந்தி டீ குடிக்கலாம்."

ஜீப்பில் உள்ளே போனோம். கடைசியாக நிறுத்தியிருந்த இரும்பு வளைவுக்குக் கீழே ஃபோர்மேன் எங்களைத் தடுத்துவிட்டார். அதற்கு அப்பால் ஓர் அடி விடமாட்டேன் என்றார். நாற்காலிகளை அங்கேயே சேற்றில் போட்டோம். முன்னால் சில அடி தூரத்தில், விளக்கு வெளிச்சத்தில், கறுப்பும் பச்சையுமாக ஈரக் களி பளபளத்தது. தண்ணீர் சொட்டவில்லை, ஒழுகியது. அந்தச் சேற்றுக்கு நடுவில் டீப்பாய், பிளாஸ்க், டம்ளர்கள், ஹெல்மெட் போட்ட நான்கு பேர். பார்த்தவர்கள் பெண் பார்க்க வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

பொறியாளர் உட்கார்ந்தார். டார்ச்சை வாங்கி மேலே அடித்து, நிதானமாக ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்னால் ஒரு கைப்பிடி களி பிடுங்கிக்கொண்டு தொப்பென்று விழுந்தது. யாரும் டீயைத் தொடவில்லை.

"எனக்கு இன்னா, கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றார் கடைசியில், என்னைப் பார்க்காமல். "போட்டோவுலயே தெரிஞ்சிச்சும்மா. நானும் இந்த வேலையிலதான் கெழவனானேன். அஞ்சு போட்டா நான் வூட்டுக்குப் போவ முடியாது. அவ்ளோதான்."

ஃபோர்மேன் சற்றுத் தள்ளி நின்றிருந்தார். பின்னால் அவருடைய ஆட்கள் சுவரோரம் குந்தியிருந்தார்கள். நான் அவர்களைக் கைகாட்டினேன். "மூணு போட்டா இவங்க போவ முடியாது சார்."

அவர் அந்தப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஜியாலஜிஸ்டிடம் கையை நீட்டி, "குடுப்பா" என்று பேப்பரை வாங்கி, முழங்காலில் வைத்து, அஞ்சு என்று எழுத்தாலும் எண்ணாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நாளைக்கு எவனாவது கேட்டா நீ வந்து சொல்லுவியாம்மா?" என்றார். வருவேன் சார் என்றேன்.

இரும்பு வந்தது. நெருக்கி நெருக்கி வளைவுகளை நிறுத்தினார்கள், மேலே கான்கிரீட்டைப் பீய்ச்சி மூடினார்கள், ஒரு சாண் குடைந்தார்கள், மறுபடி நிறுத்தினார்கள். மழை முடிந்து பனி வந்து, மலைமேல் சாமை அறுப்பு எல்லாம் ஆன பிறகுதான் அந்தக் களியைத் தாண்டி மறுபடியும் பாறையைத் தொட்டோம். அன்று ஃபோர்மேன் சுரங்க வாயிலில் இருந்த அம்மனுக்குப் பொங்கல் வைத்தார். பொறியாளர் முதல் ஆளாக வந்து நின்று திருநீறு வாங்கிக்கொண்டார். மறுநாள் ஆபீஸில் டீ வந்தது. ஜியாலஜிஸ்ட் நாலு என்றார், பொறியாளர் ரெண்டு என்றார், மூணு என்று முடிந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டு என் அறைக்குப் போய்விட்டேன்.

ஆடிட் வந்தது. வந்தவர்கள் கணக்கில் புலிகள். சுரங்கம் முழுக்க மூணு மூணு மூணு என்று வரிசையாக இருக்க, நடுவில் ஒரே ஒரு துண்டு மட்டும் அஞ்சு என்று இருப்பது அவர்கள் கண்ணில் உடனே பட்டுவிட்டது. நாங்கள் டீ குடித்துக்கொண்டே எழுதிய அத்தனை மூணுகளையும் ஒரு வார்த்தை கேட்காமல் டிக் அடித்தார்கள். அந்தச் சுரங்கத்தில் நேரில் பார்த்து உண்மையாகப் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான். அதற்குக் கீழே மட்டும் சிவப்பு மையில் கேள்வி விழுந்தது. அறிக்கையில் அந்த இடம் ரோஸாக இருக்கிறதே, ஒப்பந்ததாரருக்குச் சாதகமாக எப்படி அஞ்சு ஆயிற்று?

போட்டோவைக் காட்டினோம். ஈரமான கறுப்புச் சுவர், எங்கே வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம் என்றார்கள். நேரில் அழைத்துப் போனோம். வழவழவென்று கான்கிரீட், வரிசையாக விளக்கு. எங்கேயும் ஒரு விரிசல் இல்லை. "ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கே!" என்று சுவரைத் தட்டிப் பார்த்தார் ஒருவர். "கான்கிரீட்டைக் கொஞ்சம் பேத்து, உள்ள எப்படி இருக்குன்னு பாக்கலாமா?" என்றார் இன்னொருவர். பேர்த்தால் கொட்டும் சார் என்றேன். கொட்டாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கொட்டினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டதை அவர் ரசிக்கவில்லை.

பொறியாளருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. அவர் ஓய்வுபெற வேண்டிய நாளில் எங்கள் கொட்டகையிலேயே சின்னதாக ஒரு விழா ஏற்பாடு செய்திருந்தோம். இலை போட்டாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் அவர் ஆபீஸிலிருந்து ஆள் வந்து கவரைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பிரித்துப் படித்தார்: ஓய்வுபெற அனுமதி இல்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சோறு ஆறுது பாரு, எல்லாரும் குந்துங்க" என்றார். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. அவர் பாயசம்வரை சாப்பிட்டார்.

எங்கள் ஹெட் ஆபீஸுக்குப் பேசினேன். "நம்ம பில்லு பாஸ் ஆயிடுச்சே மேடம், அவரு டிபார்ட்மென்ட்டு வெவகாரம் நமக்கு எதுக்கு?" என்றார்கள். போனிலேயே நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. லீவு போட்டுவிட்டு நானே சாட்சிக்குப் போனேன். விசாரணை அதிகாரி என் பெயர், பதவி, கம்பெனி எல்லாம் கேட்டுக்கொண்டு, அஞ்சு என்று எழுதினால் ஆதாயம் உங்களுக்குத்தானே என்று ஒரு கேள்வி கேட்டார். அத்தோடு என் சாட்சியம் முடிந்தது.

மிச்சம் ஃபோர்மேன்தான். அந்தக் கூரைக்குக் கீழே நின்று வேலை செய்தவர், அவருக்கு இதில் ஒரு ஆதாயமும் இல்லை. அவர் சொல்வதை அதிகாரி ஏற்றுக்கொண்டால் பொறியாளர் அன்றைக்கே விடுதலை, ஏற்காவிட்டால் எப்போது என்று யாருக்கும் தெரியாது. புதூர்நாட்டுக்கே ஜீப் எடுத்துக்கொண்டு போய் அழைத்து வந்தேன். வழிநெடுக, களி எப்படி இருந்தது, தண்ணீர் எப்படிப் பீய்ச்சியது, ஆட்களை ஏன் பின்னால் இழுத்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஞாபகப்படுத்திக்கொண்டே வந்தேன். "நீங்க கவலப்படாதீங்க மேடம். எங்க சாருக்காக நான் எங்க வேணா வந்து சொல்வேன்" என்றார். கல்யாணத்துக்குப் போகிறவர்போல வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

அதிகாரி முன்னால் அவர் அற்புதமாகப் பேசினார். களியைச் சொன்னார், தண்ணீரைச் சொன்னார், டீப்பாயைக்கூடச் சொன்னார். அதிகாரி சிரித்துவிட்டார். பொறியாளர் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முதல்முறையாக மூச்சை விட்டேன்.

"சரிப்பா" என்றார் அதிகாரி. "அவ்வளவு மோசமான பாறைங்கிற. அந்த இடத்துல எத்தனை பேருக்கு அடி பட்டுச்சு?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல ஃபோர்மேன் நிமிர்ந்து நின்றார். முகமெல்லாம் பெருமை.

"ஒருத்தருக்கும் இல்லீங்க சார். ஒரு கீறலு இல்ல. சார் கையெழுத்துப் போட்டு இரும்பு நிறுத்துன எடத்துல, எங்க கொலசாமி சத்தியமா சொல்றேன், ஒரு கூழாங்கல்லுகூட வுழல."

"ஒரு கல்லுகூட விழல?"

"ஒன்னுகூட வுழலீங்க சார்."

அதிகாரி டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி, அதை அப்படியே அடிக்கச் சொன்னார்: அஞ்சு என்று எழுதிய பாறையிலிருந்து ஒரு கல்கூட விழவில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். சாட்சி பேசும்போது குறுக்கிடக் கூடாது, உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தேன்.

வெளியே வந்ததும் ஃபோர்மேன் நேராகப் பொறியாளரிடம் போனார். "நல்லா சொன்னேனா சார்? எதுனா வுட்டுட்டேனா?"

பொறியாளர் அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். "இத வுட நல்லா எவனாலயும் சொல்ல முடியாதுப்பா" என்றார். "வூட்ல புள்ளைங்கல்லாம் சௌக்கியமா?"